அலசி வைத்த கறி

காலை பத்தரை மணிக்கு எனக்குத் தும்மல் வந்தால், எதிர்வீட்டு அக்கா மிளகாய் வறுக்கத் தொடங்கிவிட்டாள் என்று அர்த்தம். அவள் வீட்டு அடுக்களை ஜன்னலும் என் வீட்டு அடுக்களை ஜன்னலும் ஒரே சந்தைப் பார்த்துத் திறப்பவை. சந்து என்றால் நடக்கிற சந்து இல்லை. கட்டடத்தின் நடுவே கிணறு மாதிரி ஒரு பள்ளம். நாலு பக்கமும் சுவர், மேலே துண்டு வானம், கீழே யாரும் பெருக்காத குப்பை. கையை நீட்டினால் அவள் கரண்டியைத் தொடலாம். நான் தொட்டதில்லை, பார்த்ததோடு சரி. "நீ அந்த ஜன்னலுக்குத்தான் வாக்கப்பட்டிருக்கே"ன்னு என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று அவரே கேட்பார்.

அக்காவின் வீட்டுக்காரரை இந்தக் கட்டடத்தில் முகத்துக்கு நேரே 'பாய்லர் சார்' என்போம். முதுகுக்குப் பின்னால் வெறும் பாய்லர். ஊர் ஊராகப் போய், மில்களில் இருக்கும் பாய்லர்களைத் தட்டிப் பார்த்து, அழுத்தம் பார்த்து, வெடிக்காது என்று கையெழுத்துப் போடுகிற உத்தியோகம். மாதத்தில் பதினைந்து நாள் வெளியூர். ஆனால் பெயர் நிலைத்தது உத்தியோகத்தால் மட்டும் இல்லை. அவர் வாயால்.

பயணம் முடிந்து வந்தால் பெட்டியை வீட்டுக்குள் வைக்கமாட்டார். இரண்டாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்திலேயே நின்றுகொள்வார். மூன்றாம் மாடி வாத்தியார் பால் வாங்க இறங்கும் நேரம், கீழ்வீட்டு இஸ்திரிக்காரர் துணிமூட்டையோடு ஏறும் நேரம், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"சாப்பாடுன்னா அது சாப்பாடு வாத்தியாரே. மில்லுக்குப் பின்னாடி பாலத்தடியில ஒரு கடை. கறிக்குழம்பு செக்கச் செவேல்னு இருக்கும். முதல் வாய்க்கு ரெண்டு காதுலயும் விசில் அடிக்கும். மூணாவது வாய்க்கு முடி வேருல வேர்க்கும்."

"அஞ்சாவது வாய்க்கு?" என்பார் இஸ்திரிக்காரர்.

"செத்துப்போன நம்ம தாத்தா எதிர்ல வந்து நின்னு, ஒரு துண்டு வைடாம்பார்."

வாத்தியாருக்கு எச்சில் ஊறும். அவர் வீட்டில் உப்பே அளந்துதான். "வீட்டுல இந்த மாதிரி கிடைக்குமா சார்?" என்று கேட்பார். பாய்லர் தன் வீட்டுக் கதவைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா பெட்டியை வாங்க நின்றுகொண்டிருப்பாள். "எங்க சார்? அவளும் போடத்தான் போடறா. கை வரல."

அந்தக் 'கை வரல'வை நான்தான் நாலு வீட்டுக்கும் கொண்டு போய்ச் சேர்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலை என் ஜன்னலிலிருந்து தெரியும். அது அவர் உட்காரும் மூலை. எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சரியாக மூன்று வாய். மூன்றாவது வாய் இறங்கியதும் தட்டைத் தள்ளுவார்.

"சப்புனு இருக்கு."

"இன்னிக்கு முப்பது மிளகாய் போட்டேங்க."

"மிளகாய எண்ணிப் போட்டா காரம் வந்துடுமா? பாலத்தடிக் கடையில வந்து பாரு."

பிறகு ஒரு பெரிய தம்ளர் நிறையப் பால் குடிப்பார், மூன்று வாழைப்பழம் தின்பார். வயிற்றுக்குள் எதையாவது போட வேண்டுமே என்று சலித்துக்கொள்வார். பாவம், நாக்கு நீளமுள்ள மனுஷன், நல்ல சாப்பாட்டுக்கு ஏங்குகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். கண் ஓரம் சிவந்திருப்பதைக்கூடக் கோபம் என்று நினைத்தேன். இத்தனை கூர்மையான கண்ணை வைத்துக்கொண்டு நான் பார்த்த லட்சணம் அது.

மீதியை அக்கா சாப்பிடுவாள். கொட்ட அவளுக்கு மனசு வராது. கல்யாணமான புதிதில் பத்து மிளகாயில் தொடங்கியவளாம். பதினைந்தாச்சு, இருபதாச்சு. பெரிய மிளகாயை விட்டுக் குட்டி மிளகாய்க்கு மாறினாள். கடைக்காரரிடம் "இதைவிடக் காட்டமா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு, அவரே இவளைக் கண்டால் தனி டப்பாவைத் திறப்பார். ஒவ்வொரு நாளும் அவர் மூன்று வாய், அவள் முழுத் தட்டு. முப்பது வருஷம்.

போன வருஷம் அவளுக்கு வயிற்றில் வலி வந்து சுருண்டு விழுந்தாள். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பாய்லர் அப்போதும் வெளியூர். குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, "உள்ள முழுக்கப் புண்ணு. காரம் கண்ணுலயே காட்டக் கூடாது. வீட்டுல யார் சமையல்?" என்றாள்.

"நான்தான்."

"அப்ப நான் யாரைத் திட்டறது?"

திரும்பி வரும்போது சொன்னேன். "அவருக்கு ஒரு சட்டி, உங்களுக்கு ஒரு சட்டின்னு ஆக்குங்கக்கா. யாரு கேக்கப் போறா?"

"ஆக்கலாம். ஆனா அவர் வாயால ஒரு தடவை 'போதும்'னு வந்துடட்டும். அன்னிக்கே நிறுத்திடறேன். இத்தனை வருஷம் போட்டுட்டு, தோத்துட்டு நிறுத்தச் சொல்றியா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? ஆனால் அவளுக்கு அது குழம்பில்லை. முப்பது வருஷப் பரீட்சை.

இந்த வருஷம் பாய்லருக்கு ஓய்வு. கடைசிச் சோதனை அந்தப் பாலத்தடிக் கடை ஊரிலேயே அமைந்தது. அக்கா, "நானும் வர்றேன்" என்றாள்.

சந்து வழியாக எல்லாம் கேட்டது. முதல் நாள், "நாலு மணி நேர பஸ்சு, உன் வயித்துக்கு ஆகாது" என்றார். இரண்டாம் நாள், "அந்தக் கடையில லேடீஸ் உக்கார இடமே இல்ல" என்றார். மூன்றாம் நாள், "கடையவே மூடிட்டாங்கன்னு கேள்வி" என்றார்.

"மூடின கடையத்தான் பாத்துட்டு வரேனே. எதுல நான் குறைஞ்சேன்னு ஒரே ஒரு வாய் வச்சுப் பாத்தாப் போதும். அதுக்கப்புறம் டாக்டர் சொன்னபடி கஞ்சி குடிச்சுக்கிட்டுக் கிடக்கறேன்."

துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் பாய்லர் எங்களைக் காத்திருக்கும் அறையில் உட்காரவைத்தார். மில்லுக்குள் பெண்களை விடமாட்டார்களாம். வழியனுப்பு விழா முடிந்து இரண்டு மணிக்கு வந்து அவரே கூட்டிப் போவாராம். "எங்கயும் போயிடாதீங்க, புது ஊர்" என்று இரண்டு தடவை சொன்னார். அந்த அறையில் கால் உடைந்த நாற்காலிகள், ஓடாத மின்விசிறி, தூங்குகிற ஒருவர். பன்னிரண்டரைக்கு அக்கா எழுந்தாள்.

"வா, போலாம்."

"அவர் வந்து கூட்டிட்டுப் போறேன்னாரே அக்கா?"

"அவர் வந்தா கடை மூடியிருக்கும்."

பாலத்தைக் கேட்டோம், காட்டினார்கள். கடையைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, நெடியே கூட்டிப் போனது. தகரக் கூரை, ஆறு மேஜை, சுவரெல்லாம் புகைக் கறுப்பு. பக்கத்து மேஜையில் இரண்டு லாரி ஓட்டுநர்கள் சட்டைப் பித்தானைத் திறந்துவிட்டு, மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று பெண்கள் வேறு தாராளமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களை எண்ணினாள்.

கடைக்காரம்மாவே வந்து பரிமாறினாள். சோறு, அதன்மேல் குழம்பு. செக்கச் செவேல் என்றுதான் இருந்தது, அதில் பாய்லர் பொய் சொல்லவில்லை. அக்கா உடனே கை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏம்மா, பாய்லர் செக் பண்ண வெளியூர்ல இருந்து ஒருத்தர் வருவாரே, இங்கதான் சாப்பிடுவாராமே?" என்று கேட்டேன்.

"யாரு, வெந்நீர்க்காரரா?"

"வெந்நீர்க்காரரா?"

கடைக்காரம்மா சிரித்தாள். "நாங்க வச்ச பேரு. அவர் வர்றார்னா தனியா ஒரு சட்டி வெந்நீர் வைக்கணும். கறித்துண்ட எடுத்து மூணு தண்ணி அலசி, துணியில ஒத்தி எடுத்து, பால் ஊத்திப் பெசஞ்ச சோத்தோட வைக்கணும். துளி சிவப்பு தெரிஞ்சாலும் மனுஷன் தொடமாட்டார். இருபது வருஷமா இதான். இன்னிக்கும் வர்றார், அங்க பாருங்க, கொதிக்குது."

அடுப்பின் ஓரத்தில் ஒரு சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. நான் அக்காவைப் பார்க்கப் பயந்து சட்டியையே பார்த்தேன்.

அந்தம்மா நிறுத்தவில்லை. பேச ஆள் கிடைத்தால் நானும் நிறுத்தமாட்டேன், குறை சொல்ல முடியாது. "பாவம், அவருக்கு வயித்துல புண்ணு. வீட்டுல அந்தம்மா மிளகாய அள்ளிக் கொட்டி ஆக்குதாம். வேண்டாம்னு சொன்னாலும் கேக்காதாம். அப்படி ஒரு பிடிவாதம். 'இங்க வந்தாத்தான் எனக்குச் சோறு இறங்குதும்மா'ம்பார். எப்படித்தான் குடும்பம் நடத்தறாரோ."

"கஷ்டம்தான்" என்றாள் அக்கா.

பிறகு குழம்பைப் பிசைந்து வாயில் வைத்தாள். நான் அவள் காதையே பார்த்தேன், விசில் வெளியே வருமா என்பது போல. மென்றாள். விழுங்கினாள். இன்னொரு வாய் வைத்தாள். நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. மூன்றாவது வாய்க்கு அவள் முகம் கோணியது.

"சப்புனு இருக்கு" என்றாள்.

கடைக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. "என்னங்க சொல்றீங்க? லாரிக்காரங்களே ரெண்டு தடவை தண்ணி கேட்டுட்டாங்க."

"குத்தம் சொல்லலம்மா. நல்லாத்தான் ஆக்கியிருப்பீங்க. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல." தட்டை ஓரமாக நகர்த்தினாள். "நான் போடறதுல பாதிகூட இல்லடி இது" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னாள். அப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. லாரி ஓட்டுநர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, காரம் தாங்கவில்லை போல என்று தன் தண்ணீர்ச் செம்பை இந்தப் பக்கம் நகர்த்தினார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சிரிப்புச் சத்தம். மில் ஆட்கள் நாலு பேர், நடுவில் பாய்லர். பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரம் கக்கத்தில் இருந்தது. மணி ஒன்றேகால். எங்களைக் கூட்டிப் போவதற்கு முன் சாப்பாட்டை முடித்துவிடலாம் என்று வந்திருக்கிறார்.

"வாங்க சார், தண்ணி கொதிக்குது" என்றாள் கடைக்காரம்மா.

"இன்னிக்காவது சாருக்கு ஒரு கரண்டி குழம்பு ஊத்துங்கம்மா, ரிட்டயர் ஆயிட்டார்" என்றான் ஒருவன்.

"அவர் பொண்டாட்டி ஊத்தறது போதாதா?" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். பாய்லரும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் எங்களைப் பார்த்துவிட்டார்.

ஒரு மனுஷனின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. மூன்று தண்ணியில் அலசியது போல.

"யார் சார், தெரிஞ்சவங்களா?" என்று கேட்டான் முதலாமவன்.

பாய்லர் அக்காவைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், கடிகாரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "எங்க பில்டிங்ல குடியிருக்கறவங்க" என்றார்.

"ஆமா" என்றாள் அக்கா. "எதிர் எதிர் வீடு."

எழுந்து கை கழுவப் போனாள். போகிற வழியில் அடுப்படியில் நின்றாள். கடைக்காரம்மா கறித்துண்டுகளை வெந்நீரில் போட்டு அலசிக்கொண்டிருந்தாள். சிவப்பு எல்லாம் தண்ணீரில் இறங்கி, துண்டுகள் வெளிறி மிதந்தன. முதல் தண்ணி, இரண்டாம் தண்ணி, மூன்றாம் தண்ணி. மூன்றும் முடியும்வரை அக்கா நின்று பார்த்தாள், பாடம் படிக்கிற மாதிரி.

திரும்பும் பஸ்ஸில் அவர்கள் முன் இருக்கை, நான் பின் இருக்கை. இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஒரு காது நுழைகிற இடைவெளி இருந்தது. முதல் ஒரு மணி நேரம் கடிகாரம்தான் பேசியது.

"ஏன்?" என்றாள் அக்கா.

"கல்யாணம் ஆன மூணாம் நாள்," என்றார் பாய்லர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உங்கப்பா, உன் சித்தப்பா, மாமா எல்லாரும் சுத்தி உக்காந்திருந்தாங்க. 'மாப்பிள்ளைக்குக் காரம் தாங்குமா, இல்ல பால் கரைச்சுக் குடுக்கணுமா'ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. இதெல்லாம் ஒரு காரமான்னு சொல்லிட்டேன்."

"சொன்னீங்க. சரி. வீட்டுக்கு வந்து என்கிட்ட மாத்திச் சொல்லியிருக்கலாமே?"

"மறுநாளே நீ ரெண்டு மிளகாய் கூடப் போட்ட. அதுக்கு மறுநாள் இன்னும் ரெண்டு. எப்படிச் சொல்றது? சொன்னா நீ சிரிப்பே."

"எனக்கு வயித்துல புண்ணு வந்தப்போ?"

அவர் மடியிலிருந்த கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்.

"அந்தப் புண்ணையும் உங்களதுன்னு சொல்லிக்கிட்டீங்களே" என்றாள்.

மறுநாளிலிருந்து பத்தரைத் தும்மல் நின்றுவிட்டது. அக்கா ஒரே ஒரு மிளகாய் போட்டு ஆக்கினாள். அவருக்கான கறித்துண்டுகளைத் தனியாக எடுத்து, குழாயடியில் வெந்நீர் விட்டு மூன்று தண்ணி அலசி, துணியில் ஒத்தி, தட்டில் வைத்தாள். பாய்லர் தலையைக் குனிந்துகொண்டு தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். நாலாம் நாள், "நல்லா இருக்கு" என்றார். முப்பது வருஷத்தில் முதல் தடவை. அக்கா கேட்டாளா என்றே தெரியவில்லை. அவள் தன் தட்டில் இருந்ததை மென்றுகொண்டிருந்தாள்.

"எப்படிக்கா இருக்கு சாப்பாடு?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"மரத்தூள் மாதிரி. எது போட்டாலும் நாக்குல ஒண்ணும் ஏறல. அவருக்கு இறங்குது, எனக்குத்தான் இறங்கல."

இதோடு முடிந்திருக்கலாம். அவருக்கு வேண்டிய சாப்பாடு கிடைத்தது, அவளுக்குப் புண் ஆறும். நான்கூட யாரிடமும் மூச்சு விடவில்லை. நம்பாதவர்கள் என் வீட்டுக்காரரைக் கேளுங்கள், அவரிடம் மட்டும்தான் சொன்னேன்.

ஆனால் ஓய்வு பெற்ற மனுஷன் எங்கே போவார்? படிக்கட்டுத் திருப்பத்துக்குத்தான் வந்தார். பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் வாத்தியாரும் இஸ்திரிக்காரரும் ஒன்றாக அகப்பட்டார்கள்.

"கடைசித் தடவை போயிருந்தப்ப பாலத்தடிக் கடையில ஒரு பிடி பிடிச்சேன் பாருங்க. கடைக்காரம்மாவே அழுதுட்டா, சாரை மாதிரி காரம் தாங்கற ஆள் இனிமே எங்க கிடைப்பாங்கன்னு."

நான் என் வீட்டு வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்தேன். பெருக்கியது வாசலை இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

"இப்ப வீட்டுச் சாப்பாடு பழகிடுச்சா சார்?" என்றார் வாத்தியார்.

பாய்லர் அதே பெருமூச்சை எடுத்தார். பழக்கதோஷம். "எங்க வாத்தியாரே. இவ கைக்குக் காரம் வரலன்னா வரலதான்."

எதிர்க்கதவு திறந்திருந்தது. அக்கா உள்ளே போனாள். எண்ணெய் காய்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எனக்கு அடித்தொண்டையிலிருந்து ஒரு தும்மல். வாத்தியாருக்கு ஒன்று. இஸ்திரிக்காரர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு இருமினார். பழைய கணக்குப்படி முப்பது, குட்டி மிளகாய். அக்கா ஒரு கிண்ணத்தில் குழம்பும் கரண்டியும் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதைச் சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். வாத்தியார் ஆவலாகப் பார்த்தார். பாய்லர் ஒரு கரண்டி வாயில் வைத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. காது மடல் இரண்டும் சிவந்தன. விசில் அடித்திருக்கும்.

"உண்மையச் சொல்லுங்க" என்றாள் அக்கா. கோபமே இல்லை, கெஞ்சலாகத்தான் இருந்தது. "போதுமா, போதாதா?"

அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். வாத்தியார் இரண்டு நாள் சிரிப்பார், நான் நாலு நாள் பேசுவேன், ஐந்தாம் நாள் எல்லாருக்கும் மறந்துவிடும். பாய்லர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். வாத்தியாரைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் தளும்ப, குரலைச் சரிசெய்துகொண்டார்.

"போதல" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "சரி" என்றாள். உள்ளே போனாள்.

இப்போது மறுபடியும் தினமும் பத்தரைக்குத் தும்முகிறேன். முன்னைவிட அதிகம். அக்கா வீட்டில் இரண்டு சட்டி. ஒன்றில் அவளுக்கு உப்பும் தண்ணீருமாக ஏதோ கஞ்சி. மற்றது சிவப்பு. அலசுவதில்லை. பால் வாங்குவதை நிறுத்திவிட்டாள், வாழைப்பழமும் வருவதில்லை. மூன்று வாயோடு தட்டைத் தள்ளினால், "இருங்க, அடியில இருக்கும் காரம்" என்று திரும்ப அவர் பக்கமே நகர்த்துகிறாள். போவதற்கு அவருக்கு மில் இல்லை, ஊர் இல்லை, பாலத்தடியில் வெந்நீர் வைத்துக் காத்திருக்க ஆளும் இல்லை. அந்த மூலையில் உட்கார்ந்து கடைசிவரை சாப்பிடுகிறார். எதிரில் கடிகாரம் மாட்டியிருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே.

நேற்று பொறுக்காமல் ஜன்னலில் எட்டிச் சொன்னேன். "போதும்க்கா. மனுஷன் அழறார்."

அக்கா மிளகாயை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை விட்டுவிடக் கூடாது என்று விரலை அப்படியே வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அதை அவர் சொல்லட்டும்" என்றாள். மறுபடி எண்ணினாள். முப்பத்தி ஒன்று, முப்பத்தி ரெண்டு.